அசையாத ஸ்க்ரூவுக்கு எந்த இம்பாக்ட் திருப்புளி? அறிகுறி வாரியாக ஒரு பட்டறை வழிமுறை

பிரேக் டிஸ்க்கை மாற்ற வீட்டு வாசலிலேயே வேலையைத் தொடங்கி, வீல், கேலிப்பர் (பேடை டிஸ்க்கில் அழுத்தும் பாகம்), பேட் எல்லாம் சுலபமாகக் கழன்றபின், டிஸ்க்கைப் பிடித்திருக்கும் இரண்டு சின்ன ஸ்க்ரூக்களிடம் மாட்டிக்கொண்டு எங்கள் பட்டறைக்கு வருபவர்கள் பலர். தூத்துக்குடி உப்புக் காற்று ஸ்க்ரூவைச் சும்மா விடாது. 2023 டிசம்பர் பெருமழையில் நீரில் நின்ற கார்கள் என்றால் கேட்கவே வேண்டாம்.

ஹோண்டா கார்களில் இந்த டிஸ்க் ஸ்க்ரூவை இறுக்கும் அளவு 9.8 நியூட்டன் மீட்டர்தான். அதாவது புதிதாக மாட்டும்போது சாதாரணத் திருப்புளியால் கையாலேயே இறுக்கிவிடலாம். அதே ஸ்க்ரூ சில ஆண்டுகளில் அசைய மறுக்கிறதென்றால் காரணம் துரு. அதிலும் துரு முதலில் கடித்துப் பிடிப்பது மரையை விட, கூம்பு வடிவத் தலை டிஸ்க்கின் பள்ளத்தில் உட்காரும் இடத்தைத்தான். இதை மனத்தில் வைத்துக்கொண்டால் கீழே சொல்லும் பல வழிகளின் காரணம் தானே விளங்கும்.

“எந்த இம்பாக்ட் திருப்புளி நல்லது?” என்று கேட்பவர்களுக்கு நான் சொல்லும் பதில் எப்போதும் ஒன்றுதான்: முதலில் பிட்டை (ஸ்க்ரூவின் குழியில் நுழையும், மாற்றக்கூடிய முனையை) தேர்ந்தெடுங்கள், பிறகு திருப்புளியைப் பற்றிப் பேசலாம். சுத்தியலால் அடிக்கும்போது இந்தக் கருவி இரண்டு வேலைகளைச் செய்கிறது. உள்ளே இருக்கும் சரிவு அடியின் விசையைத் திருகலாக மாற்றுகிறது. அதே நொடியில் பிட்டை ஸ்க்ரூவின் குழிக்குள் அழுத்திப் பிடிக்கிறது. இந்த இரண்டாவது வேலைதான் சாதாரணத் திருப்புளியால் முடியாதது. குழிக்குப் பொருந்தாத பிட்டை மாட்டிவிட்டு அடித்தால், எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய கருவியாக இருந்தாலும் அது குழியை நாசம் செய்யத்தான் உதவும்.

தொடங்குமுன் கவனிக்க வேண்டியவை. காரை ஜாக்கியில் மட்டும் நிறுத்தி அடிக்காதீர்கள், ஸ்டாண்டு கொடுங்கள். கண்ணாடி போடாமல் அடிக்காதீர்கள்; உடைந்த பிட்டின் துணுக்கு எங்கே பறக்கும் என்று யாருக்கும் தெரியாது. ஏர்பேக், அதன் சென்சார்கள், ஸ்டியரிங் வீல், நடுவில் கியர் பக்கம் இருக்கும் ஏர்பேக் கட்டுப்பாட்டுப் பெட்டி ஆகியவற்றின் அருகே சுத்தியல் வேலையே கூடாது.

அறிகுறி 1: திருப்புளி குழியிலிருந்து நழுவி நழுவி மேலே ஏறுகிறது, குழி இன்னும் கெடவில்லை

இந்த நிலையில் நிறுத்திவிட்டு யோசிப்பவருக்குப் பாதி வேலை முடிந்தது போல. பெரும்பாலானோர் இங்கே நிறுத்துவதில்லை. இன்னும் கொஞ்சம் அழுத்தி, இன்னும் கொஞ்சம் முறுக்கி, மூன்றாவது நழுவலில் குழியை வட்டமாக்கிவிடுகிறார்கள்.

*குழிக்குள் அழுக்கு.* பிரேக் தூசி, துரு, பழைய பெயின்ட் எல்லாம் சேர்ந்து குழியின் அடியில் கெட்டியாகப் படிந்திருக்கும். பார்வைக்குக் குழி சுத்தமாகத் தெரிந்தாலும் கூர்மையான ஊசியால் நான்கு மூலைகளையும் கிளறிப் பாருங்கள். கறுப்புப் பொடி உதிர்ந்துகொண்டே இருக்கும். அது தீரும்வரை கிளறி, கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, ஊதிவிடுங்கள். பிட் ஒரு மில்லிமீட்டர் ஆழமாக உட்கார்ந்தாலே பிடிப்பு மாறிவிடும்.

*அளவு தவறு.* வீடுகளில் இருக்கும் ஸ்டார் (கூட்டல் குறி முனை) திருப்புளி பெரும்பாலும் 2-ஆம் எண். டிஸ்க் ஸ்க்ரூவுக்கும், கதவுத் தூணில் கதவுப் பூட்டு மாட்டிக்கொள்ளும் கொக்கியைப் பிடித்திருக்கும் பெரிய ஸ்க்ரூவுக்கும் வேண்டியது பெரும்பாலும் 3-ஆம் எண். சோதனை எளிது: பிட்டைக் குழியில் வைத்து, முறுக்காமல், இடமும் வலமும் லேசாக ஆட்டிப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியும் அளவு ஆடினால் அந்த பிட் வேண்டாம். சரியான பிட் குழிக்குள் இறங்கி நின்றுவிடும். கையை எடுத்தாலும் உடனே சாயாது.

*வகை தவறு.* இதுதான் அதிகம் பேர் அறியாதது. ஜப்பானிய நிறுவனங்களின் கார்களிலும் பைக்குகளிலும் இருக்கும் கூட்டல் குறிக் குழி, பார்வைக்கு பிலிப்ஸ் என்னும் வழக்கமான கூட்டல் குறி வகை போலவே இருந்தாலும் அது ஜேஐஎஸ் என்னும் ஜப்பானியத் தர அளவில் வெட்டப்பட்டிருக்கும். பிலிப்ஸ் பிட்டின் முனை அந்தக் குழியின் அடியில் முட்டி நின்றுவிடும். பக்கங்கள் முழுதாகச் சேராது. அதனால்தான் சரியான எண் பிட் வைத்தும் நழுவுகிறது. தலையில் ஒரு சிறு புள்ளி இருந்தால் அது ஜேஐஎஸ் என்று எடுத்துக்கொள்ளலாம். புள்ளி இல்லாமலும் ஜேஐஎஸ் வரும் என்பதால், ஜப்பானிய வகைக் கார் என்றால் முதலில் ஜேஐஎஸ் பிட்டையே போட்டுப் பாருங்கள். ஜேஐஎஸ் பிட் பிலிப்ஸ் குழியிலும் நன்றாகவே உட்காரும். மாற்றிச் செய்தால்தான் தொல்லை. ஆகவே ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் ஜேஐஎஸ் 3-ஆம் எண்ணை வாங்குங்கள்.

ஜேஐஎஸ் பிட் ஊரில் கிடைக்கவில்லையா? நல்ல பிலிப்ஸ் பிட்டின் நுனியைச் சாணையில் அரை மில்லிமீட்டர் போலத் தேய்த்துவிட்டால் ஆழமாக இறங்கும். தேய்க்கும்போது அடிக்கடி தண்ணீரில் தோய்த்துக்கொள்ளுங்கள். முனை நீலம் பூத்தால் உரம் போய்விட்டது என்று பொருள், அதை எறிந்துவிடலாம்.

ஃபோக்ஸ்வாகன், ஸ்கோடா கார்களில் டிஸ்க் ஸ்க்ரூ பெரும்பாலும் டி 30 அளவு டார்க்ஸ், அதாவது ஆறு முனை நட்சத்திரக் குழி. அதில் நழுவல் குறைவு. ஆனால் டி 27-ஐத் திணித்தால் ஆறு முனைகளும் ஒரே முறையில் மழுங்கிவிடும். கூட்டல் குறிக்கு இடையே மெல்லிய நான்கு கோடுகள் தெரிந்தால் அது போசிடிரைவ். அதற்கு அதன் பிட்தான் வேண்டும்.

*பிட் தேய்ந்தது.* முனையின் நான்கு இறகுகளும் கூராக இருக்கின்றனவா என்று வெளிச்சத்தில் பாருங்கள். விளிம்பு மினுமினுவென்று உருண்டிருந்தால் மாற்ற வேண்டியதுதான்.

இந்த நான்கையும் சரிபார்த்தபின்தான் இம்பாக்ட் திருப்புளியைக் கையில் எடுக்க வேண்டும். நழுவும் கட்டத்தில் பேட்டரி இம்பாக்ட் டிரைவரைக் கொண்டுவருவதை நான் ஏற்கமாட்டேன். அது வேகமாகத் திருகும். குழிக்குள் அழுத்திப் பிடிக்கும் வேலை முழுக்க உங்கள் கைக்குத்தான். கை ஒரு நொடி தளர்ந்தால் குழி பொடியாகிவிடும். சுத்தியலால் அடிக்கும் திருப்புளியில் அழுத்தமும் திருகலும் ஒன்றாக வருகின்றன. மாட்டிக்கொண்ட ஸ்க்ரூவுக்கு அதுதான் பாதுகாப்பு.

அறிகுறி 2: பிட் கச்சிதமாக உட்கார்ந்திருக்கிறது, அடித்தும் ஸ்க்ரூ அசையவில்லை

*திசை.* சிரிக்காதீர்கள், இது அடிக்கடி நடக்கிறது. கருவியின் உடலைத் திருப்பித்தான் கழற்றும் திசையும் இறுக்கும் திசையும் மாறும். அம்புக்குறி அழிந்த பழைய கருவி என்றால், வைஸில் பிடித்த ஒரு நட்டில் பழைய போல்ட்டைத் தளர்வாக மாட்டி ஓரடி அடித்துப் பாருங்கள். எந்தப் பக்கம் திரும்புகிறது என்று தெரிந்துவிடும். சரியான திசையைக் கருவியின் உடலில் பெயின்ட்டால் குறித்து வையுங்கள்.

*முன்முறுக்கு.* பிட்டைக் குழியில் வைத்ததும் கருவியின் உடலை இடப்பக்கமாக முடிந்தவரை திருகி, அப்படியே பிடித்துக்கொண்டுதான் அடிக்க வேண்டும். தளர்வாகப் பிடித்தால் அடியின் பாதி உள்ளே இருக்கும் இடைவெளியை நிரப்புவதிலேயே வீணாகும். நேராகவும் பிடிக்க வேண்டும். பத்து டிகிரி சாய்ந்தாலும் பிட் ஒரு மூலையில்தான் நிற்கும்.

*சுத்தியல்.* மரவேலைக்கு வைத்திருக்கும் சின்னச் சுத்தியலால் இருபது தட்டு தட்டுவதில் பயனில்லை. ஒரு கிலோ முதல் ஒன்றரைக் கிலோ வரை எடையுள்ள சுத்தியல் வேண்டும். தட்டாமல் அடிக்க வேண்டும். ரப்பர் சுத்தியல், மரச் சுத்தியல் எதுவும் ஆகாது. அவை அடியை விழுங்கிவிடும். காது கொடுத்துக் கேளுங்கள்: அடி ஸ்க்ரூவுக்குப் போய்ச் சேர்ந்தால் ‘டங்’ என்று கூர்மையான ஓசை வரும். மந்தமாகக் கேட்டால் எங்கோ விசை கசிகிறது. நீளமான எக்ஸ்டென்ஷன் மாட்டியிருக்கலாம், பிட் முழுதாக இறங்காமல் இருக்கலாம்.

*டிஸ்க் சுழல்கிறது.* கேலிப்பரைக் கழற்றிய பிறகு டிஸ்க் ஹப்போடு (டிஸ்க்கும் வீலும் மாட்டும் நடுப்பாகம்) சேர்ந்து திரும்பும். கழற்றுவதற்கு முன்பே இந்த ஸ்க்ரூவைத் தளர்த்திவிடுவது உத்தமம். கேலிப்பர் இருக்கும்போதே வீலை மட்டும் கழற்றிவிட்டு, உள்ளே ஒருவரை உட்கார வைத்து, “தம்பி, பிரேக்கை மிதித்துப் பிடி” என்று சொல்லிவிட்டு அடித்தால் வேலை சுலபம். ஸ்க்ரூ கேலிப்பருக்குப் பின்னால் மறைந்தால் ஹப்பைத் திருப்பி வெளியே கொண்டுவாருங்கள்.

*துருப் பிடி.* மேலே சொன்னபடி தலையின் கூம்புதான் முதல் எதிரி. பிட்டை எடுத்துவிட்டு, தட்டையான பன்ச்சைத் தலையின் மேல் வைத்து மூன்று நான்கு நேரடி அடி கொடுங்கள். துருப் படலம் உடைய இது போதுமானதாக இருக்கலாம். பிறகு துரு இளக்கும் எண்ணெய் விட்டு ஓர் இரவு விடுங்கள். கூம்பு அடைத்துக்கொண்டிருப்பதால் மேலிருந்து விடும் எண்ணெய் மரைவரை இறங்குவது கடினம். ஹப்பின் துளை பின்பக்கம் திறந்திருந்தால் அங்கிருந்து விடுங்கள். எண்ணெய் பட்ட டிஸ்க்கை மீண்டும் பயன்படுத்துவதாக இருந்தால் பிரேக் கிளீனரால் துடைத்தெடுக்க வேண்டும். பேட் மேல் எண்ணெய் பட்டால் பேட்டை மாற்றுவதுதான் நல்லது.

*சூடு.* எண்ணெய்க்கும் மசியவில்லை என்றாலோ, ஸ்க்ரூவில் சிவப்பு வகை மரைப் பசை போட்டிருந்தாலோ சூடு வேண்டும். அந்தப் பசை இளக சுமார் 250 டிகிரி செல்சியஸ் தேவை. நீல வகை சூடில்லாமலே வந்துவிடும். தீ வைக்குமுன் எண்ணெயையும் கிளீனரையும் முழுதாகத் துடைத்து உலரவிடுங்கள். குளோரின் கலந்த பிரேக் கிளீனர் தீயில் பட்டால் நச்சுப் புகை வரும். இதில் சமரசமே கூடாது. ஹப்பின் பின்னால் பேரிங் கிரீஸும் ஏபிஎஸ் சென்சாரும் இருக்கின்றன. தீச்சுடரை அங்கே நீண்ட நேரம் காட்டாதீர்கள்.

ஒரே ஸ்க்ரூவுக்குப் பத்துப் பன்னிரண்டு பலமான அடிகளுக்கு மேல் போகாதீர்கள். ஒவ்வோர் அடியையும் வீல் பேரிங்தான் வாங்கிக்கொள்கிறது. அதற்குள் அசையவில்லை என்றால் தலையைத் துளையிட்டு எடுக்கும் வழிக்கு (அறிகுறி 5) போய்விடுவது பேரிங்குக்கு நல்லது.

அறிகுறி 3: அடிக்கும்போது பிட் உடைகிறது அல்லது முனை முறுக்கிக்கொள்கிறது

முறுக்கிக்கொண்டால் இரும்பு மிருது. உடைந்தால் இரும்பு அதிக விறைப்பு, அல்லது பிட் சாய்ந்து நின்றது. மலிவான செட்டோடு வரும் பிட்களில் இரண்டையும் பார்க்கலாம்.

வாங்கும்போது எஸ் 2 என்று பொறித்திருப்பதைப் பாருங்கள். அது அதிர்ச்சி தாங்குவதற்கென்றே உள்ள கருவி இரும்பு வகை. பளபளவென்று குரோம் பூசிய சாதாரண சாக்கெட்டை இம்பாக்ட் திருப்புளியில் மாட்டி அடிக்காதீர்கள், வெடித்துச் சிதறக்கூடும். இம்பாக்ட்டுக்கென வரும் கறுப்பு சாக்கெட்தான் வேண்டும். குட்டையான பிட் நீளமானதைவிட அடியை நன்றாகக் கடத்தும்.

என் யோசனை: நடுத்தரமான திருப்புளி ஒன்றை வாங்கி, அதோடு வந்த பிட்களை ஒதுக்கிவிட்டு, மிச்சப்பட்ட பணத்தில் தனியாக நல்ல 2-ஆம் எண், 3-ஆம் எண் ஜேஐஎஸ் பிட்களும் ஒரு டி 30-உம் வாங்குங்கள். டிஸ்க் வேலைக்கு இதற்கு மேல் பெரும்பாலும் தேவைப்படாது.

அறிகுறி 4: கருவியே சரியாக வேலை செய்யவில்லை

புதிதாக வாங்குபவரும் இந்தப் பகுதியைப் பாருங்கள். கடையிலேயே செய்யக்கூடிய சோதனைகள் இவை.

*அழுத்தினால் உள்ளே போகவில்லை, அல்லது போய் மீளவில்லை.* உள்ளே உள்ள கிரீஸ் காய்ந்து துருப் பிடித்திருக்கும். கழற்றக்கூடிய மாதிரி என்றால் கழுவி, கிரீஸ் தடவி மாட்டினால் சரியாகும். கழற்ற முடியாத மாதிரி என்றால் எண்ணெய் விட்டு ஊறவைத்து, வைஸில் பிடித்துத் தட்டிப் பாருங்கள்.

*அடித்தால் உள்ளே போகிறது, திரும்பவில்லை.* சரிவு தேய்ந்துவிட்டது. இதைச் சரிசெய்ய மெனக்கெட வேண்டாம், புதிது வாங்குங்கள்.

*பிட் தலைப்பில் ஆடுகிறது.* பிட்டைப் பிடிக்கும் தலைப்பு தேய்ந்திருக்கும். அரை அங்குலச் சதுர முனை உள்ள கருவி என்றால் தலைப்பை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். கார் வேலைக்கு அரை அங்குலச் சதுரத்தை நான் பரிந்துரைப்பது இதனால்தான்: தலைப்பை எடுத்துவிட்டு இம்பாக்ட் சாக்கெட்டையும் நேராக மாட்டலாம். முக்கால் கிலோவுக்குக் குறையாத எடை, கையைக் காக்கும் ரப்பர் வளையம், தானே மாறாத திசைப் பூட்டு ஆகிய மூன்றும் இருந்தால் போதும்.

*சிறு ஸ்க்ரூவுக்கு இது பெரிதாக இருக்கிறது.* உண்மைதான். பைக்கின் பிரேக் எண்ணெய்க் கிண்ண மூடி போன்ற இடங்களில் இந்தக் கருவியை வைத்து அடித்தால் மூடியும் கிண்ணமும் சேர்ந்து விரியும். அதற்கு, பார்வைக்குச் சாதாரணத் திருப்புளி போலவே இருந்து, பின்புறம் சுத்தியலால் தட்டினால் சிறிதளவு மட்டும் கழற்றும் திசையில் திரும்பும் வகை உண்டு. ஜப்பானின் வெசல் நிறுவனத்தின் இம்பாக்டா அப்படிப்பட்டது. ஒரு தட்டுக்கு சுமார் 12 டிகிரி திரும்பும். அலுமினிய உறைகளுக்கும் சின்ன ஸ்க்ரூக்களுக்கும் அதைத்தான் எடுப்பேன். பழைய யமஹா ஆர்எக்ஸ் 100-இன் என்ஜின் பக்க உறை ஸ்க்ரூக்களைக் கழற்றப் பலரும் பெரிய கருவியையும் பெரிய சுத்தியலையும் எடுத்து, உறையில் விரிசல் விட்ட கதை ஏராளம். அங்கே மிதமான தட்டுகளே போதும்.

அடிபடும் பின்முனை நாளடைவில் காளான் போல விரிந்து ஓரத்தில் பிசிறு கட்டும். அதை அரத்தால் தேய்த்துவிடுங்கள். அந்தப் பிசிறு தெறித்துக் கண்ணில் படுவது பட்டறைகளில் நடப்பதுதான்.

அறிகுறி 5: குழி வட்டமாகிவிட்டது

மலிவான வழியிலிருந்து தொடங்குங்கள். ஒன்று பலிக்கவில்லை என்றால் அதையே திரும்பத் திரும்பச் செய்யாமல் அடுத்ததற்கு நகருங்கள்.

முதலாவது, வால்வு உட்கார வைக்கப் பயன்படுத்தும் கிரைண்டிங் பேஸ்ட். உதிரிபாகக் கடையில் கிடைக்கும். பிட் முனையில் கொஞ்சம் தடவி வைத்து அடியுங்கள். அதிலுள்ள மணல் போன்ற துகள்கள் இரும்பில் பதிந்து பிடிப்பைக் கூட்டும். குழி பாதிதான் கெட்டிருந்தால் இது பல முறை காப்பாற்றும்.

இரண்டாவது, பெரிய பிட்டை அடித்து இறக்குவது. சற்றே பெரிய டார்க்ஸ் பிட் ஒன்றை வட்டமான குழியில் வைத்து, திருகாமல், சுத்தியலால் நேராக அடித்து உட்கார வையுங்கள். அது தனக்கான பள்ளத்தைத் தானே வெட்டிக்கொள்ளும். பிறகு இம்பாக்ட் திருப்புளியோடு இணைத்துக் கழற்றுங்கள். அந்தப் பிட்டுக்கு வாழ்வு அவ்வளவுதான், பழையதைப் பயன்படுத்துங்கள்.

மூன்றாவது, உளி. தலையின் ஓரத்தில் கூரான உளியை நிமிர்த்தி வைத்து ஒரு வெட்டு விடுங்கள். பிறகு உளியைச் சாய்த்து, கழலும் திசையில் தலை திரும்பும்படி அந்த வெட்டில் அடியுங்கள். பழைய மெக்கானிக்குகள் பலர் இம்பாக்ட் திருப்புளியே இல்லாமல் இப்படித்தான் காலம் தள்ளினார்கள். டிஸ்க் எப்படியும் புதிதாக மாறப்போகிறது என்றால் தயங்காமல் செய்யலாம். அதே டிஸ்க்கை மீண்டும் மாட்டுவதாக இருந்தால் உளி தவறிப் பட்ட தடம் நிற்கும், யோசியுங்கள்.

நான்காவது, தலையைத் துளையிட்டு எடுப்பது. இதைப் பலரும் தோல்வி என்று நினைக்கிறார்கள். டிஸ்க் ஸ்க்ரூவைப் பொறுத்தவரை இதுவே பல நேரம் வேகமான, நம்பகமான வழி. எம் 6 (6 மில்லிமீட்டர் தடிமன்) ஸ்க்ரூ என்றால் நடுவில் பன்ச்சால் புள்ளி குத்தி, 3 மில்லிமீட்டர் டிரில்லால் வழி செய்து, பிறகு 6.5 மில்லிமீட்டர் டிரில்லால் தலையின் ஆழம் மட்டும் துளையுங்கள். சில மில்லிமீட்டர் இறங்கியதும் தலை வளையமாகக் கழன்று டிரில்லோடு சுற்றும். உடனே நிறுத்துங்கள், மேலும் இறங்கினால் ஹப்பின் மரையைத் தின்றுவிடுவீர்கள். டிரில்லை மெதுவாக ஓட்டுங்கள், எண்ணெய் விடுங்கள். வேகமாக ஓட்டினால் டிரில் முனைதான் வெந்துபோகும்.

தலை போனதும் கூம்பின் பிடி அறுந்துவிடும். டிஸ்க் வெளியே வந்தபின் ஹப்பில் ஸ்க்ரூவின் தண்டு சில மில்லிமீட்டர் நீட்டிக்கொண்டிருக்கும். பூட்டுப் பிளையரால் பிடித்துத் திருகினால், அவ்வளவு அடிக்கும் அசையாத அதே ஸ்க்ரூ பெரும்பாலும் இரண்டு விரல் பலத்தில் சுற்றி வெளியே வரும்.

அறிகுறி 6: தண்டு ஹப்புக்குள்ளேயே முறிந்துவிட்டது

கொஞ்சமாவது வெளியே தெரிந்தால், அதன் மேல் ஒரு நட்டை வைத்து வெல்டிங் செய்து, சூடு ஆறுமுன் ஸ்பேனரால் திருப்புவது நல்ல வழி. வெல்டிங் சூடே துருவையும் உடைத்துவிடும். இதை வீட்டில் முயலாதீர்கள். பேட்டரி இணைப்பைக் கழற்றி, எர்த் கிளிப்பை வேலை நடக்கும் ஹப்பிலேயே மாட்டத் தெரிந்த வெல்டரிடம் கொடுங்கள். வேறு எங்காவது மாட்டினால் மின்சாரம் பேரிங் வழியே பாய்ந்து அதைக் கெடுக்கும்.

தண்டு உள்ளே புதைந்திருந்தால் முறிந்த ஸ்க்ரூவை வெளியே எடுக்க, கடைகளில் கூம்பு வடிவ எக்ஸ்ட்ராக்டர் விற்பார்கள். எம் 6 போன்ற மெல்லிய ஸ்க்ரூவுக்கு அதை நான் விரும்புவதில்லை. அது மிக விறைப்பான இரும்பு. உள்ளே உடைந்தால் சாதாரண டிரில் அதன் மேல் ஏறாது. அந்த நிலையில் லேத் பட்டறைதான் கதி, செலவும் பல மடங்கு. இடப்பக்கம் சுற்றும் டிரில் கிடைத்தால் அதைப் போடுங்கள். துளைக்கும்போதே சில நேரம் தண்டு கழன்று வந்துவிடும்.

எதுவும் பலிக்கவில்லை என்றால் 5 மில்லிமீட்டர் டிரில்லால் முழுதும் துளைத்து, எம் 6, ஒரு மில்லிமீட்டர் மரை இடைவெளியுள்ள டேப் (மரை வெட்டும் கருவி) ஓட்டி மரையைப் புதுப்பிக்கலாம். துளை சரியாக நடுவில் விழ வேண்டும். கை நடுங்கும் என்று தோன்றினால் ஹப்பைக் கழற்றி லேத் பட்டறைக்குக் கொண்டுபோங்கள்.

அறிகுறி 7: ஸ்க்ரூ வந்துவிட்டது, டிஸ்க் வரவில்லை

ஸ்க்ரூவின் வேலை முடிந்தபின் டிஸ்க்கின் நடுத்துளை ஹப்பில் துருவால் ஒட்டியிருக்கும். பல டிஸ்க்குகளிலும் டிரம்களிலும் மரையுள்ள இரண்டு துளைகள் இதற்கென்றே இருக்கும். பெரும்பாலும் எம் 8. இரண்டு போல்ட்களை மாட்டி மாறி மாறிக் கால் சுற்று இறுக்கினால் டிஸ்க் சத்தத்தோடு விலகும். ஒரே பக்கம் இறுக்கினால் டிஸ்க் சாய்ந்து இன்னும் மாட்டிக்கொள்ளும். பின்சக்கர டிரம் என்றால் ஹேண்ட் பிரேக்கை விட்டிருக்கிறீர்களா என்று முதலில் பாருங்கள்.

எந்தக் கட்டத்தில் வேலையை நிறுத்தி மெக்கானிக்கை அழைக்க வேண்டும்

எக்ஸ்ட்ராக்டர் உள்ளே உடைந்தால். டிரில் நடுவிலிருந்து விலகி ஹப் மரையைத் தொட்டால். அடித்தபின் வீலைச் சுற்றும்போது கரகரவென்று ஓசை வந்தால். கதவுத் தூணின் உள்ளே ஸ்க்ரூ பிடித்திருக்கும் நட்டுத் தகடு சுழலத் தொடங்கினால். அது உள்ளே விழுந்தால் தூணின் உள்வேலையைக் கழற்றித்தான் எடுக்க வேண்டியிருக்கும். ஸ்க்ரூ சீட் பெல்ட்டின் இணைப்பு என்றாலும், ஸ்டியரிங்கைச் சார்ந்தது என்றாலும், முதல் அடிக்கு முன்பே அழையுங்கள்.

திரும்ப மாட்டும்போது

பழைய ஸ்க்ரூவை மீண்டும் போடாதீர்கள். குழி ஒருமுறை அடிபட்டதென்றால் அடுத்த முறை நிச்சயம் கெடும். ஓடும்போது டிஸ்க்கைப் பிடிப்பது வீல் நட்டுகள்தான், ஸ்க்ரூ அல்ல. அதனால் ஸ்க்ரூவே வேண்டாம் என்று சொல்பவர்கள் உண்டு. நான் ஒன்றையாவது போடுவேன். வீலைக் கழற்றும்போது டிஸ்க் தளர்ந்து அசைந்தால் துருத் துகள் ஹப்புக்கும் டிஸ்க்குக்கும் இடையில் விழும். அது மாட்டிக்கொண்டு டிஸ்க் கோணலாக உட்கார்ந்தால், பிரேக் பிடிக்கும்போது ஸ்டியரிங் நடுங்கும்.

மாட்டுமுன் ஹப்பின் முகத்தைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, கூம்புப் பள்ளத்தையும் சுத்தம் செய்யுங்கள். ஸ்க்ரூவின் மரையிலும் தலையின் அடிப்பக்கக் கூம்பிலும் ஒட்டாமல் தடுக்கும் பேஸ்ட்டைச் சிறிது தடவுங்கள். டிஸ்க்கின் முகத்தில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பிறகு கையால், சரியான பிட்டோடு, ஹோண்டா என்றால் 9.8 நியூட்டன் மீட்டர், மற்ற கார்களுக்கு அந்தந்தக் கையேட்டில் உள்ள அளவு. இறுக்க இம்பாக்ட் திருப்புளி வேண்டாம். அதை இறுக்கும் திசையில் பயன்படுத்தினால் அடுத்த முறை கழற்றும் மெக்கானிக்குக்கு வேலை இரட்டிப்பாகும்.